ஜார்ஜ் டவுன்: டிஜிட்டல் நிலப்பட ஆய்வு

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கேயுள்ள பழைய நகர்ப்பகுதி ஜார்ஜ் டவுன். ஆங்கிலேயர் ஆவணங்களில் இது 'கறுப்பர் நகரம்'. இன்றைய பெயர் 1906இல் வந்தது என்பர். 1911 என்பாரும் உளர். பழைய நிலப்படங்களைக் கணினியில் இன்றைய படத்தின் மேல் பொருத்தி இதன் வளர்ச்சியை ஆராய்வது இக்கட்டுரையின் பொருள்.

பொருத்துவதற்கு இடம் மாறாத புள்ளிகள் வேண்டும். 1680இல் கட்டி முடிந்த புனித மேரி ஆலயமும், சட்டக் கல்லூரி வளாகத்தில் எஞ்சியுள்ள ஹின்மர்ஸ் என்பவரின் கல்லறையும் அதற்கு ஏற்றவை. கடற்கரைக்கோடு உதவாது, துறைமுகம் எழுந்தபின் அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து, கோட்டையை ஒட்டியிருந்த கடல் விலகிப் போனது.

1640 முதல் 1800 வரையிலான காலத்துக்கே சான்றுகள் மிகுதி. எச். டி. லவ் 1913இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஆவணத் திரட்டே அதற்குக் காரணம். ஆளுநர் தாமஸ் பிட் அளக்கச் செய்த படம் ஏறத்தாழ 1710ஐச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதில் முதல் கறுப்பர் நகரம் கோட்டையின் வடமதிலை ஒட்டியே நிற்கிறது. இன்றைய படத்தின் மேல் அதை விரித்தால், அந்தத் தெருக்கள் உயர்நீதிமன்ற வளாகத்தின் மேல் விழுகின்றன. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் அக்கறுப்பர் நகரத்தில் ஒரு பகுதியை இடித்தனர். சென்னை 1749இல் திரும்பக் கிடைத்தபின் மீதியை ஆங்கிலேயரே அகற்றினர். அங்கிருந்த பட்டணம் கோயிலும் 1757இல் இடிபட்டது. அதற்கு மாற்றாகச் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் பின்னர் பூக்கடைப் பகுதியில் கோயில்கள் எழுந்தன. பழைய கோயில் நின்ற இடத்தைத் துல்லியமாகக் குறிப்பதில் எச்சரிக்கை தேவை: பிட் படம் கட்டடங்களையும் மரங்களையும் சித்திரம்போலத் தீட்டியது, அதன் தொலைவுகள் இன்றைய அளவோடு முழுதும் ஒத்துவருவதில்லை.

பழையது இடிபட்டபின் புதிய கறுப்பர் நகரமான முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் இடையே ஆத்தப்பள்ளம் என்ற தாழ்நிலம் கிடந்தது. 1780களில் ஸ்டீபன் பாப்பம் என்பவர் அதன் நீரை வடித்துச் சாலையாக்கினார். அதுவே பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. அச்சாலையைத் திரையில் பார்த்தவுடனே பள்ளம் கிடந்த தடம் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். இப்புதிய நகரத்தின் மேற்கு மதிலின் தடத்தை வால்டாக்ஸ் சாலை காட்டுகிறது. அச்சாலையின் பெயருக்குக் காரணமான, மதிலுக்காக விதிக்க எண்ணிய வரி வசூலானதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இந்நகரத்தின் வடமதிலில் ஒரு துண்டு மாடிப்பூங்காவாக எஞ்சியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகம் பெருகி, வீடுகள் கிடங்குகளாயின.

அண்மைக் காலத்தில் இலவச நிலப்பட மென்பொருள்கள் பழைய படங்களைப் பொருத்தும் வேலையை எளிதாக்கியுள்ளன. பிரிட்டிஷ் நூலகம் 2012இல் தன் பழைய படங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு பொருத்தத் தொடங்கியது.

முதல் கறுப்பர் நகரத்தை இடித்ததால் உண்டான வெளியின் எல்லையைக் காட்ட 1773இல் ஆறு தூண்கள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது.