பாலப்பருவமும் பசிப்பிணியும்

வித்தியாதானம் என்றவுடன் நங்குலத்தார் கலாசாலை மாணாக்கர்க்குரிய உபகாரச் சம்பளத்தையே நினைப்பர். மூன்று வயதுச் சிசுவை நினைப்பார் சிலரே.

1920ஆம் வருஷம், ஸர் பி. தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபையார், ஆயிரம் விளக்குப் பாடசாலைப் பிள்ளைகட்குப் பகலுணவளிக்கத் தீர்மானித்தனர். தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. அணாவே வழக்கொழிந்த இந்நாளில் இது நகைப்பிற்கிடமாகலாம்; அன்று அது ஒருவேளைச் சோறு. சோறு கிடைத்தமையாற் பள்ளியிற் சேர்ந்தோர் தொகை பெருகிற்று. ஆயினும் 1925இல், ஆரம்பக் கல்வி நிதியினின்று அச்செலவு செய்தலாகாதென அரசாங்கத்தார் தடுத்துவிட்டனர். 1927இல் ஏழைப் பிள்ளைகட்கு மட்டும் அது மீண்டது.

நிற்க. பள்ளி புகுமுன்னரே நேர்ந்த குறையைப் பள்ளிச்சோறு எங்ஙனம் நீக்கும்? முதலிரண்டாண்டிலேயே மூளை மிக விரைந்து வளர்கின்றது. அப்பொழுது குன்றிய வளர்ச்சியைப் பின்னர் முற்றும் ஈடுசெய்தல் அரிது. அரசாங்கச் சத்துணவு இரண்டு வயதினரையும் எட்டியது 1982இலேதான். ஓரணாத் தீர்மானத்திற்கு அறுபத்திரண்டு ஆண்டு பிந்தி!

அம்பத்தூரைச் சார்ந்த கள்ளிக்குப்பத்திலும், வசதியுடையார் மகவு கதைகேட்டும் படம்பார்த்தும் பள்ளி புகும். கூலிக்குச் செல்லும் தாயின் மகவுக்கோ அங்கன்வாடியே கதி. சங்க நிதியில் ஒரு பங்கை அங்குள்ள பாய்க்கும் படப்புத்தகத்திற்கும் ஒதுக்குதலைக் குறித்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் அன்பர்கள் ஆலோசிப்பாராக.