சுவரும் கைப்பேசியும்: விளம்பரத்தை மறுக்கும் உரிமையின் இந்திய வரலாறு

வடக்கெல்லையின் வரலாற்றில் 1959ஆம் ஆண்டு இரண்டு சட்டங்களால் நினைக்கத்தக்கது. முதலாவது பலரும் அறிந்தது. ஆந்திரப் பிரதேசத்துக்கும் சென்னை மாநிலத்துக்கும் இடையிலான எல்லை மாற்றச் சட்டம் அது. அதன்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. புத்தூரும் அதனை அடுத்த நாராயணவனமும் ஆந்திரத்திலேயே நின்றன. இரண்டாவது சட்டத்தை வரலாற்று மாணவர் எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. பொதுப் பார்வையில் உள்ள இடங்களின் தோற்றம் கெடுவதைத் தடுக்க அதே ஆண்டில் சென்னைச் சட்டமன்றம் இயற்றியது அது. உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி ஒருவர் வீட்டுச் சுவரில் விளம்பரம் ஒட்டுவதும் எழுதுவதும் தண்டனைக்குரிய குற்றம் என்று அது வரையறுத்தது. ஆந்திரம் இத்தகைய சட்டம் ஒன்றை 1997இல் இயற்றிக்கொண்டது.

சுவர்ச் சட்டத்தின் உள்ளடக்கத்தைவிட அதன் இலக்கணமே இங்கு நோக்கத்தக்கது. சுவருக்கு உரியவர் வாய் திறக்க வேண்டியதில்லை. அவருடைய மௌனத்துக்கு மறுப்பு என்றே பொருள். விளம்பரம் செய்ய விரும்புபவரே ஒப்புதலைத் தேடி வரவேண்டும். இதே இந்தியா, அரை நூற்றாண்டு கழித்துக் கைப்பேசிக்குச் சட்டம் செய்தபோது அவ்விலக்கணத்தைத் தலைகீழாக்கியது. மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருள் கொள்ளப்பட்டது. வேண்டாம் என்பவர் வரிசையில் நின்று அதைப் பதிவு செய்யவேண்டும் என்றானது. தெருவில் நிற்கும் சுவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, சட்டைப்பைக்குள் இருக்கும் கருவிக்குக் கிடைக்காமற் போனது எவ்வாறு என்பது ஆராயத்தக்க வினா.

இவ்வினாவை நாராயணவனம் போன்ற ஓர் ஊரிலிருந்து காண்பது பயன் தரும். பத்மாவதி திருமணத் தொன்மத்தாலும் கல்யாண வேங்கடேசர் கோயிலாலும் அறியப்பட்ட ஊர். தறிகள் நிறைந்த ஊரும்கூட. சென்னை மாகாணத்தில் இருந்து, 1953 அக்டோபர் 1 முதல் ஆந்திர மாநிலத்தில் அமைந்து, சித்தூர் மாவட்டத்தின் பகுதியாய் நீடித்து, 2022 ஏப்ரலில் புதிதாய் உருவான திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லைப்பகுதி இது. தொலைத்தொடர்புத் துறையோ நாட்டைப் பெரும்பாலும் மாநில எல்லைகளை ஒட்டிய ‘வட்டங்களாகப்’ பிரித்துள்ளது. ஆகவே இவ்வூர் ஆந்திர வட்டத்துக்குள் அடங்கும். மொழியும் உறவும் வணிகமும் எல்லையைக் கடந்து ஊத்துக்கோட்டை வழியே சென்னை வரை செல்ல, கைப்பேசி எண் மட்டும் வட்டத்துக்குள் நிற்கிறது.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, நடுவணமைச்சர் சுக்ராமுடன் பேசியதே நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல். அக்காலத்தில் வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு. விளம்பர அழைப்பு ஒன்று வந்தால் அதைக் கேட்டவரே பணம் கட்டவேண்டும். அழைப்பவரே செலுத்தும் முறை 2003 மே 1 அன்று நடைமுறைக்கு வந்ததும், வரும் அழைப்புகள் இலவசமாயின. கைப்பேசி எளியோர் கைக்கு வந்த வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை, அதில் ஐயமில்லை. ஆனால் அதே திருப்புமுனை இன்னொன்றையும் நிகழ்த்தியது. விளம்பர அழைப்பினால் பெறுநருக்கு ஏற்படும் இழப்பு கட்டணச் சீட்டிலிருந்து மறைந்தது. இழப்பது நேரமும் அமைதியும் மட்டுமே என்றானபோது, அவ்விழப்பை ரூபாயில் காட்டி வழக்காடும் வழியும் அடைபட்டது. கடனட்டைகளும் தனிநபர்க் கடன்களும் பெருகிய ஆண்டுகள் அவை. வங்கியின் முகவர் அழைப்பது நகரத்து நடுத்தர வர்க்கத்தின் அன்றாடத் தொல்லையாயிற்று.

முதற்குரல் எழுந்தது நீதிமன்றங்களிலும் ரிசர்வ் வங்கியிலும் என்பது கருதத்தக்கது. வழக்கறிஞர் ஹர்ஷ் பாதக் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தொடர்ந்தார். கடனட்டை வழங்கும் வங்கிகள் ‘அழைக்க வேண்டாம்’ பட்டியல் ஒன்றைப் பேணவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005 நவம்பரில் நெறிமுறை வகுத்தது. இப்பின்னணியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2007 ஜூன் 5 அன்று தன் முதல் ஒழுங்குமுறையை வெளியிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தேசிய ‘அழைக்க வேண்டாம்’ பதிவேடு செயற்பாட்டுக்கு வந்தது.

உலகில் அப்போது இரு முன்மாதிரிகள் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் மின்னணுத் தொடர்பின் அந்தரங்கம் குறித்து வெளியிட்ட ஆணையில், குறுஞ்செய்தி விளம்பரத்துக்கு முன்னொப்புதல் வேண்டும் என்றது. சுவர்ச் சட்டத்தின் இலக்கணம் அது. அமெரிக்கா 2003இல் மறுப்போர் பட்டியலைத் திறந்தது. இந்தியா அமெரிக்க வழியைத் தேர்ந்தது. பட்டியலில் பெயர் சேர்ந்து மறுப்பு நடைமுறைக்கு வர 45 நாள்கள் வரை ஆகும் என்பது அன்றைய விதி. மேலும் ஒரு முரண்: மறுப்பைப் பதிவு செய்த எண்களுடன் தம் அழைப்புப் பட்டியலை ஒப்பிட்டு நீக்கும் பொறுப்பு, பதிவு பெற்ற விற்பனை அழைப்பாளருக்கே உரியது. பதிவு செய்யாதவருக்கு அப்பொறுப்பே இல்லை. சட்டத்துக்கு உட்பட்டவர் கட்டுப்பட, உட்படாதவர் விடுபட்டார்.

2010இல் டிராய் நடத்திய ஆலோசனையில், மறுப்போர் பட்டியலுக்கு மாறாக ‘அழைக்கலாம்’ பட்டியல் ஒன்றை உருவாக்கலாமா என்ற கேள்வி வெளிப்படையாகவே விவாதிக்கப்பட்டது. சுவரின் இலக்கணத்துக்குத் திரும்பும் வாய்ப்பு அது. இறுதி ஒழுங்குமுறையில் அது கைவிடப்பட்டது. அத்தருணத்துக்கு வரலாற்றாசிரியர் இன்னும் உரிய இடம் தரவில்லை. அதற்கு மாறாக வந்தது நுட்பமான ஒரு வகைப்பாடு. 1909 என்ற எண்ணுக்கு ‘ஸ்டார்ட் 0’ என அனுப்பினால் எல்லா விளம்பரமும் நிற்கும். வங்கி, வீடு-மனை, கல்வி, உடல்நலம், நுகர்பொருள், பொழுதுபோக்கு, சுற்றுலா என அன்றிருந்த ஏழு வகைகளில் சிலவற்றை மட்டும் ஏற்கவும் வழியிருந்தது. பலமுறை தள்ளிவைக்கப்பட்ட இவ்விதிகள் 2011 செப்டம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்தன. விற்பனை அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் எண்வரிசை ஒதுக்கப்பட்டது.

குறுஞ்செய்தியின் தலைப்பில் இரு ஆங்கில எழுத்துகள் முன்னொட்டாய் நிற்பதும் இக்காலத்தில் நிலைபெற்றதே. முதலெழுத்து நிறுவனத்தையும் இரண்டாமெழுத்து வட்டத்தையும் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு ‘டி’, ஆந்திரத்துக்கு ‘ஏ’. நாராயணவனத்துக் கைப்பேசி ஒன்றில் சென்னை நகைக்கடையின் செய்தியும் திருப்பதித் துணிக்கடையின் செய்தியும் அடுத்தடுத்து நின்றால், அவை எவ்வட்டத்திலிருந்து புறப்பட்டன என்பதை அவ்வெழுத்துகள் காட்டிவிடும். 1953க்கும் 1960க்கும் இடையில் மக்கள் போராடிய எல்லைக்கோடு, கடன் விளம்பரத்தின் தலைப்பில் ஓரெழுத்தாய்ச் சுருங்கிக் கிடப்பதை இங்குக் காணலாம்.

2011இன் விதிகளில் ஒரு விந்தை உண்டு. விளம்பரத்தைத் தடுக்கும் பொருட்டு, தனிமனிதரும் நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பலாகாது என்றனர். பின் அது 200 ஆக உயர்த்தப்பட்டது. குறுஞ்செய்திப் பொதி வாங்கிப் பழகிய கல்லூரி மாணவர் தலைமுறைக்கு இது பேரிடி. 2012 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் அவ்வரம்பை, வணிக நோக்கமற்ற செய்திகளைப் பொறுத்தவரை, பேச்சுரிமைக்கு மாறானதென நீக்கியது. தொல்லை தருபவரை அடையாளம் காண இயலாத அரசு, அனைவரையும் தொல்லை தருபவராகக் கருதி அளவு விதித்த நிகழ்வாகவே இதைக் கொள்ளவேண்டும்.

இதே ஆண்டுகளில் மக்கள் தாமே தற்காப்பைத் தேடலாயினர். 2009இல் ஸ்டாக்ஹோமில் தோன்றிய ட்ரூகாலர், இந்தியாவையே தன் மிகப்பெரிய சந்தையாக்கிக் கொண்டது. பயனர் பலர் ‘தொல்லை’ எனக் குறித்த எண்ணை ஏனையோர்க்கு அது காட்டித்தருகிறது. ஊரார் கூடிச் செய்யும் காவல் போன்றது என ஒருவாறு கூறலாம். ஆனால் அக்காவலரின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்தே வருகிறது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

இணையப் பக்கங்களிலும் செயலிகளிலும் தோன்றும் விளம்பரங்கள் தனி வரலாறு உடையவை. அங்கே இந்தியச் சட்டம் ஏறத்தாழ மௌனம் சாதித்தது; போட்டி முழுவதும் நிறுவனங்களுக்கும் நிரலாளர்க்கும் இடையில் நடந்தது. 2013 மார்ச்சில் கூகுள் தன் செயலிக் கடையிலிருந்து ஆட்பிளாக் பிளஸை நீக்கியது. 2015 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் உலாவியில் தடுப்பான்களை அனுமதித்தது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்னும் ஓர் அமைப்பைத் தந்தது. விளம்பர வழங்கிகளின் பெயர்களுக்கு விடையளிக்க மறுக்கும் ஒரு முகவரியை அதில் இட்டால், பெரும்பாலான விளம்பரங்கள் கருவியை எட்டுவதே இல்லை. செயலி எதையும் நிறுவ வேண்டியதில்லை. கட்டணமும் இல்லை. ஆயினும் அமைப்புகளின் அடுக்குக்குள் மூன்று நான்கு படிகள் இறங்கி, ஆங்கில முகவரி ஒன்றைப் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்க்கே அது வாய்க்கும். மறுக்கும் உரிமை இங்கு மறுக்கும் திறனாகிவிடுகிறது. தறியருகே அமர்ந்து பாட்டுக் கேட்பவருக்கு, ஒவ்வொரு பாட்டுக்கும் இடையே வரும் விளம்பரம் இயற்கை விதி போன்றே தோன்றும்.

டிராய்க்கும் ஆப்பிளுக்கும் இடையே நிகழ்ந்த பூசலும் இங்குக் குறிப்பிடத்தக்கது. தொல்லை அழைப்புகள் குறித்துப் புகார் அளிக்க டிராய் 2016இல் ஒரு செயலியை வெளியிட்டது. அது பயனரின் அழைப்புப் பதிவையும் குறுஞ்செய்திகளையும் அணுகவேண்டும் என்பதால், அந்தரங்கத்தைக் காரணம் காட்டி ஆப்பிள் அதைத் தன் கடையில் ஏற்க மறுத்தது. அந்தரங்கத்தைக் காக்க அந்தரங்கத்தைத் திறந்து காட்டவேண்டும் என்ற நிலை. இரு தரப்பு வாதத்திலும் நியாயம் உண்டு. 2018 ஒழுங்குமுறையில் டிராய், இத்தகைய செயலியை அனுமதிக்காத கருவிகளின் இணைப்பைத் துண்டிக்கச் செய்யலாம் என்ற விதியைச் சேர்த்தது. அவ்வாண்டின் இறுதியில் ஐபோனுக்கும் செயலி வந்தது.

2018 ஜூலையில் வெளியான அவ்வொழுங்குமுறையே இவ்வரலாற்றின் பெரிய திருப்பம். டி.எல்.டி. எனப்படும் பகிர்ந்தமை பேரேட்டில், செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னையும் தன் தலைப்பையும் செய்தியின் வார்ப்புருவையும் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும் என்றது அது. பெறுநர் தந்த ஒப்புதலும் பேரேட்டில் ஏறவேண்டும். ‘ஒப்புதல்’ என்ற சொல் இந்தியக் கைப்பேசி விளம்பரச் சட்டத்தின் மையத்துக்கு வந்தது அப்போதுதான். சுவர்ச் சட்டத்துக்கு 59 ஆண்டுகள் கழித்து.

நடைமுறை வேறுவிதமாய் அமைந்தது. 2021 மார்ச் 8 அன்று, பதிவு பெற்ற வார்ப்புருவோடு பொருந்தாத செய்திகளை நிறுவனங்கள் தடுக்கத் தொடங்கின. விளம்பரங்களோடு சேர்ந்து வங்கிப் பரிமாற்றத்துக்கான ஓ.டி.பி. செய்திகளும் நின்றுபோயின. பணம் அனுப்ப முயன்றவர்கள் திகைத்தனர். டிராய் ஏழு நாள்களுக்குத் தடுப்பை நிறுத்திவைத்தது. பல நிறுவனங்கள் தம் வார்ப்புருக்களைப் பதிவு செய்யாமல் அலட்சியமாய் இருந்ததே காரணம். எனினும் அந்நாளில் வெளிப்பட்ட உண்மை ஒன்று உண்டு. வேண்டாத செய்தியும் உயிர்நாடியான செய்தியும் ஒரே வாய்க்காலில் வருவதால், மடையை அடைப்பவர் இரண்டையும் சேர்த்தே அடைக்கிறார். கடைத்தெருச் சுவரில் இச்சிக்கல் எழுந்ததே இல்லை.

பேரேட்டுக்குள் வந்தவர்களைக் கட்டுப்படுத்த முடிந்தபோது, தொல்லை சாதாரணப் பத்திலக்க எண்களுக்கு இடம்பெயர்ந்தது. 2007இன் ஓட்டை வேறு உருவில் மீண்டும் திறந்துகொண்டது எனலாம். 2024 ஆகஸ்ட் 13 அன்று, பதிவில்லா விற்பனை அழைப்பாளரின் இணைப்புகள் அனைத்தையும் துண்டிக்குமாறு டிராய் ஆணையிட்டது. சில வாரங்களில் 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் துண்டிக்கப்பட்டன. 2025 பிப்ரவரி 12 அன்று வந்த திருத்தம், புகார் அளிக்கும் காலத்தை 3 நாள்களிலிருந்து 7 நாள்களாக்கியது. முன்பு ஏழு நாளில் பத்துப் புகார்கள் வந்தால்தான் பதிவில்லாதவர்மேல் நடவடிக்கை; இப்போது பத்து நாளில் ஐந்து போதும். மறுப்பவரின் சுமை சற்றே குறைந்துள்ளது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் சுமை இன்னும் அவர் தோளிலேயே உள்ளது.

அதே திருத்தம் செய்தித் தலைப்பின் இறுதியில் ஓரெழுத்தைச் சேர்த்தது. விளம்பரத்துக்குப் ‘பி’, சேவைக்கு ‘எஸ்’, பரிமாற்றத்துக்கு ‘டி’, அரசுச் செய்திக்கு ‘ஜி’. நான்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அவற்றின் பொருளறிந்தவர் செய்தியைத் திறக்காமலேயே அதன் இயல்பை உணரலாம். நாராயணவனத்தில் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு படித்த ஒருவருக்குச் செய்தியின் உடல் தெலுங்கில் வந்தாலும், அதை ஏற்பதா தள்ளுவதா என்று சொல்லும் எழுத்து ஆங்கிலத்திலேயே நிற்கிறது. முன்னொட்டில் வட்டத்தின் எழுத்து, பின்னொட்டில் வகையின் எழுத்து. இரண்டுக்கும் இடையில் கடன் தருவோரின் பெயர்.