சுவரை எழுப்பிய கணக்கேடு: சிகாகோவின் மொனாட்நாக் கட்டடம்

நவீனக் கட்டடக்கலை வரலாற்றில் சிகாகோ நகரின் மொனாட்நாக் கட்டடத்துக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் ஒன்றுண்டு. சுமைதாங்கு சுவர்களை நம்பி எழுந்த கடைசி வானுயர் கட்டடங்களுள் ஒன்று என்றும், எஃகுச் சட்டகத்திடம் செங்கல் தோற்றுப்போனதற்குச் சான்று என்றும் அதைக் குறிப்பிடுவார்கள். கனத்த சுவர் பல அடுக்குக் கட்டடத்துக்கான விடையாக முடியாது என்பதற்கு கட்டடக்கலை வரலாற்றாசிரியர் சீக்ஃப்ரீட் கீடியன் இதையே எடுத்துக்காட்டினார். தொழில்நுட்பம் படிப்படியாக முன்னேறியது என்று சொல்லும் வரலாற்றுக்கு இந்த வாசிப்பு வசதியானது. ஆனால் கட்டடத்தின் வடிவத்தை இது விளக்கவில்லை. மொனாட்நாக்கின் ஒவ்வொரு கூறும் வாடகைக் கணக்கோடு நடந்த பேரத்தில் பிறந்தது. அந்தக் கணக்கைப் படிக்காமல் அதன் அழகையும் படிக்க முடியாது, அதைப் பாதுகாக்கவும் முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டியர்பார்ன் தெருவை ஒட்டி, ஜாக்சன் சாலையிலிருந்து வான் பியூரன் தெரு வரை நீளும் மனை அது. நீளம் சுமார் 420 அடி, அகலம் 70 அடிதான். உரிமையாளர்கள் பாஸ்டனைச் சேர்ந்த பீட்டர் புரூக்ஸ், ஷெப்பர்ட் புரூக்ஸ் என்ற சகோதரர்கள். கடல் காப்பீட்டில் திரண்ட குடும்பச் செல்வத்தைச் சிகாகோ மனைகளில் முதலீடு செய்தவர்கள். அங்கே அவர்களுக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட முகவர் ஓவன் ஆல்டிஸ். வடபாதியை 1889 முதல் 1891 வரை பர்னம் – ரூட் நிறுவனம் கட்டியது. தென்பாதியை 1893க்குள் ஹோலபர்ட் – ரோச் நிறுவனம் முடித்தது. முடிந்த நாளில் உலகின் மிகப் பெரிய அலுவலகக் கட்டடம் அதுவே.

வடபாதி 16 அடுக்குகள் கொண்டது; உயரம் சுமார் 215 அடி. அடித்தளத்தில் சுவரின் கனம் ஆறு அடி. எஃகு தெரியாதவர்கள் செய்த வேலை இது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஏறத்தாழ அதே காலத்தில் அதே நிறுவனம், அதே நகரத்தில், ராண்ட் மெக்நாலி கட்டடத்தை முழு எஃகுச் சட்டகத்தில் எழுப்பிக்கொண்டிருந்தது. மொனாட்நாக்கின் உள்ளேயும் இரும்புத் தூண்களும் விட்டங்களும் உண்டு. காற்றின் உந்துதலைத் தாங்க அமைத்த இரும்புப் பிணைப்புகள் அமெரிக்காவின் முதல் முயற்சிகளில் சேர்பவை. அலுமினியம் கட்டுமானத்துக்குள் நுழைந்த தொடக்க இடங்களில் இதன் மாடிப்படிகளும் ஒன்று. ஆக, புறச்சுவர் மட்டும் சுமை தாங்கட்டும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. புதிய முறையின்மேல் பீட்டர் புரூக்ஸுக்கு நம்பிக்கை வரவில்லை. முதலீட்டாளரின் எச்சரிக்கையை ஒரு தொழில்நுட்பத்தின் அந்திமக்காலம் என்று படித்ததுதான் வரலாற்றாசிரியர்களின் பிழை.

அலங்காரம் இல்லாத முகப்புக்கும் இதே வேர்தான். துருத்தி நிற்கும் எதுவும் அழுக்கைச் சேர்க்கும், வலுவைக் கூட்டாது என்பது பீட்டர் புரூக்ஸின் பிடிவாதம். ஜான் வெல்பார்ன் ரூட்டின் முதல் திட்டங்களில் எகிப்தியச் சாயல் கொண்ட அலங்காரங்கள் இருந்தன. ரூட் ஊரில் இல்லாதபோது வெற்றுச் சுவராக ஒரு வரைபடத்தைப் பர்னம் போடச் செய்தார் என்றும், முதலில் சினந்த ரூட் பிறகு அந்த எண்ணத்தில் தோய்ந்துபோனார் என்றும் அவருடைய மைத்துனியும் கவிஞருமான ஹாரியட் மன்றோ 1896இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். குடும்பத்தார் எழுதும் வரலாற்றில் பாசம் கலந்திருக்கும். ஆனாலும் கட்டி முடித்த சுவர் மன்றோவின் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

அடியில் சுவர் மெல்ல உள்வாங்குகிறது. உச்சியில் கொடுங்கைக்குப் பதிலாகச் செங்கல்லே மலர்ந்து வெளிவருகிறது. கட்டடத்தின் மூலைகள் கூராகத் தொடங்கி, ஏற ஏற மழுங்குகின்றன. இந்த வளைவுகளுக்கென்று தனித்தனி அச்சில் வார்த்த செங்கற்கள் தேவைப்பட்டன. சிக்கனத்தால் மட்டும் வந்த வெறுமையாக இருந்திருந்தால் இத்தனை அச்சுகளுக்கு யாரும் செலவழித்திருக்க மாட்டார்கள். உரிமையாளர் அலங்காரத்தை மறுத்தார். அதன் இடத்தில் முழுக் கட்டடத்தையும் ஒரே உருவமாக வார்த்தெடுத்தார் ரூட். முகப்பில் அலையலையாய் எழும் துருத்து சாளரங்களுக்கும் இரட்டைப் பிறப்பு. மனை எல்லையைத் தாண்டித் தெருவின்மேல் நீள்வதால் வாடகைக்கு விடும் பரப்பு கூடும் என்று வாதாடி அவற்றை உரிமையாளரிடம் ஒப்புக்கொள்ள வைத்தவர் ஆல்டிஸ். இன்று நாம் வியக்கும் அந்த ஒளிநிழல் ஆட்டம் சதுர அடிக் கணக்கிலிருந்து கிளைத்தது. அதனால் அதன் அழகு ஒரு துளியும் குறையவில்லை. அந்த முகப்புக்கு உரிமை கோரக்கூடியவர் ரூட் ஒருவர் மட்டும் அல்ல என்பதைத்தான் நான் வலியுறுத்துகிறேன்.

ரூட் 1891 ஜனவரியில், 41 வயதில், நிமோனியாவால் இறந்தார். தென்பாதி எஃகுச் சட்டகத்துக்கு மாறியது. முந்தையதைவிடச் செலவும் எடையும் குறைந்தன, வாடகைப் பரப்பு கூடியது. உச்சியில் கொடுங்கையும் வந்தது. முழுத் தொகுதியையும் நான்கு பகுதிகளாகப் பிரித்து, மொனாட்நாக், கியர்சார்ஜ், கட்டாடின், வாச்சுசெட் என்று நியூ இங்கிலாந்து மலைகளின் பெயர்களை வைத்தார்கள். வேண்டுமானால் தனித்தனியே விற்கலாம் என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் தனி மின்தூக்கிகள், தனி வெப்பமூட்டும் ஏற்பாடு. வடபாதியின் பழமையையும் தென்பாதியின் புதுமையையும் முடிவு செய்தது ஒரே கணக்கேடு. இரண்டு ஆண்டுகளில் அதன் எண்கள் மாறின, அவ்வளவுதான்.

மண்ணிடம் மட்டும் கணக்கு தவறியது. சிகாகோவின் இளகிய களிமண்ணில், கான்கிரீட்டில் பதித்த எஃகுத் தண்டவாள அடுக்குகளின்மேல் மிதக்கும்படி அடித்தளம் போட்டார்கள். எட்டு அங்குலம் அமிழும் என்று எதிர்பார்த்தார்கள். காலப்போக்கில் அது சுமார் 20 அங்குலம் அமிழ்ந்தது.

தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் 1970இலும், சிகாகோ நகரச் சின்னமாக 1973இலும் கட்டடம் இடம்பெற்றது. ஆட்லர் – சல்லிவன் கட்டிய பங்குச் சந்தைக் கட்டடத்தை 1972இல் அதே நகரம் இடித்தது. ஆகவே அந்தப் பதிவுகளுக்குப் பின்னாலிருந்த அச்சம் உண்மையானது. ஆனால் மொனாட்நாக்கை மீட்டது பட்டியல் மட்டும் அல்ல. 1979இல் கைமாறியபின், கட்டடக்கலைஞர் ஜான் வின்சியின் துணையோடு பல ஆண்டுகள் படிப்படியாகப் பணி நடந்தது. பதிகல் தரைகளும், கருவாலிமரக் கதவுகளும், வெளியறைகளின் பகல் வெளிச்சத்தை நடைவழிக்குக் கடத்தும் கண்ணாடித் தடுப்புகளும் திரும்ப வந்தன. சிறு அலுவலகங்களும், நடைவழியை ஒட்டிய கடைகளும் அங்கே தொடர்ந்தன. கட்டடம் எதற்காகப் பிறந்ததோ அந்தத் தொழிலையும் சேர்த்து மீட்டதே இதன் சிறப்பு. பழைய முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே வேறு கட்டடம் எழுப்பும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

இந்த வாதத்தை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் ஒரு சங்கடமும் எதிர்ப்படுகிறது. 1938இல் ஸ்கிட்மோர் – ஓவிங்ஸ் நிறுவனம், மங்கிப்போன கட்டடத்துக்கு வாடகைதாரர்களை ஈர்க்க, நுழைவாயிலையும் கூடத்தையும் புதுப்பித்தது. 1891இன் வெற்றுச் சுவரைப் போலவே அதுவும் வாடகைச் சந்தைக்குச் சொன்ன பதில்தான். பிந்தைய மீட்பு அந்த அடுக்கைக் களைந்து முதல் தோற்றத்தைத் தேர்ந்தது. ரூட்டின் கைவேலையின் தரத்தை எண்ணும்போது அந்தத் தேர்வை நானும் ஏற்கிறேன். ஆனால் வணிகக் கட்டடத்தின் மரபு அதன் வணிகத்திலும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் பாதுகாப்பாளர், 1938இன் வரைபடங்களையும் நிழற்படங்களையும் 1891இன் ஆவணங்களுக்கு இணையாகத் திரட்டி வைத்த பிறகே உளியைத் தொட வேண்டும்.