பொங்கல் பானைக்குப் பின்னால் ஒரு சக்கரம்



ஆடித் திருவிழா அம்மன் அருளால் நல்லபடியா முடிஞ்சது. தீச்சட்டி, அகல் விளக்கு, கும்பத்துக்குப் பானை, முளைப்பாரிச் சட்டின்னு இந்த ஒரு திருவிழாவுக்கே எத்தனை மண்பாண்டம் வாங்கினோம்! பூ எங்கே வாங்கினோம், சாப்பாடு யார் சமைச்சாங்கன்னு எல்லாரும் விசாரிக்கிறோம். சட்டி பானை யார் செஞ்சதுன்னு கேக்கறவங்க குறைவு. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

குயவர் தொழிலுக்கும் நம்ம சமயத்துக்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. அறுபத்து மூன்று நாயன்மார்களில் திருநீலகண்டர் சிதம்பரத்தில் வாழ்ந்த குயவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதையே தொண்டாக வைத்திருந்தவர். சிவபெருமான் அவரைச் சோதிக்க வந்தபோதும் ஒரு ஓட்டைக் கொடுத்து வைத்துதான் சோதித்தார். அவருடைய குருபூசை தை மாதம் விசாகத்தில் வருது. நாம பொங்கல் பானை வைக்கிற அதே தை மாசம்.

தமிழ்நாட்டில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பல ஐயனார் கோயில்களில் குயவரான வேளார்தான் பூசாரி. மண்குதிரை செய்யணும்னா ஊர்க்காரங்க முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து அவர் கையில் கொடுப்பாங்க. அதுக்குப் 'பிடிமண்' என்று பேர். அந்த மண்ணை வாங்கின பிறகுதான் அவர் வேலையைத் தொடங்குவார். அதாவது ஊர் கேட்டாதான் குதிரை பிறக்கும். இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்பவும் சொல்றேன்.

மலாயாவுக்கு நம்ம ஆளுங்க கங்காணி மூலமா தோட்ட வேலைக்கு வந்தாங்க. 1938-இல் இந்திய அரசாங்கம் அதை நிறுத்துற வரைக்கும் கப்பல் கப்பலா வந்துக்கிட்டுதான் இருந்தாங்க. பால்மரம் வெட்ட வந்தவங்க மத்தியில சக்கரம் சுத்தத் தெரிஞ்சவங்களும் இருந்தாங்க. ரப்பர் பால் பிடிக்கிற மங்கு பெரும்பாலும் சீனர்களுடைய சூளையிலிருந்து வந்தது. ஆனா தென்னையில் கட்டுற கள்ளுக் கலயம், குழம்புச் சட்டி, தண்ணிப் பானை, பொங்கல் பானை, கடைசியா கொள்ளிக்குடம் வரைக்கும் நம்ம குயவர் கையில்தான் செஞ்சாங்க. கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தான் பக்கம் இந்தத் தொழிலைத் தலைமுறையா செய்துவரும் தமிழர்களைப் பலருக்கும் தெரிஞ்சிருக்கும்.

வயசாகி இப்போ ஓய்வா இருக்கிற ஒரு குயவர் ஐயாவிடம், அந்தக் காலத்து வேலையைப் பத்தி ஒருமுறை விளக்கமா கேட்டேன். அவர் சொன்னது இதுதான்.

"மண்ணு எடுக்கிறதுலேயே பாதி வேலை தம்பி. வெட்டி வந்து காய வைக்கணும், தண்ணியில ஊற வைக்கணும், கல்லு வேரு எல்லாம் பொறுக்கணும், அளவா மணல் கலந்து காலால மிதிக்கணும். மிதிக்கும்போது ஒரு சின்னக் கல்லு இருந்தாலும் பாதத்துக்குத் தெரிஞ்சிடும். சக்கரத்தைக் கோலால சுத்தி விட்டுட்டு, அது நிக்கிறதுக்குள்ள வேலையை முடிக்கணும். இப்போ மோட்டார் இருக்கு. அப்போ கைதான் மோட்டார்."

ஒரு விஷயம் எனக்கே புதுசா இருந்தது. சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடிப்பாகமே கிடையாதாம். அடி திறந்துதான் இருக்கும். ஒரு பதத்துக்குக் காய்ஞ்ச பிறகு, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைப் பிடிச்சுக்கிட்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவாங்க. அப்படித் தட்டுறதுல மண் இறுகி, சுவர் மெல்லிசாகி, வயிறு உருண்டையா வரும். அடுப்பில் வச்சா சூடு சமமா பரவும்.

பிறகு சூளை. பானைகளை அடுக்கி, விறகு, தேங்காய் மட்டை, வைக்கோல் போட்டு, மேலே மண் பூசி மூடணும். முதலில் சின்னத் தீதான். பானைக்குள்ள ஈரம் இருந்தா அது ஆவியாகி ஓட்டையே வெடிக்க வச்சிடும். ஒண்ணு வெடிச்சா பக்கத்துல இருக்கிறதும் போச்சு. நான் பேக்டரியில சூப்பர்வைசர். ஒரு பொருள் ரிஜெக்ட் ஆனா காரணத்தைத் தேடி மிஷினைச் சரிபண்ணலாம். ஐயாவுக்கு அந்த வசதி இல்லை. சூளையைத் திறந்து, ஒவ்வொரு பானையையும் விரலால் தட்டி, சத்தம் கேட்டுத்தான் ரிசல்ட் தெரியும். கணீர்னு கேட்டா நல்ல பானை. மந்தமா கேட்டா எங்கேயோ கீறல்.

இப்போ நம்ம கோயில் காலண்டரைப் பாருங்க. தீபாவளி, கார்த்திகை தீபம், பொங்கல், தைப்பூசம் எல்லாமே அக்டோபரில் இருந்து பிப்ரவரிக்குள்ள வரிசையா வருது. மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில்தான் மழை அதிகம். பானை காயவே காயாத மாசத்துலதான் அத்தனை பேரும் பானை கேக்கிறோம். அதுவும் பொங்கலுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது போன் பண்ணி, "அண்ணே, நூறு பானை வேணும்" என்கிறோம். கிடைக்கலைன்னா கடையில் இருக்கிற ஏதோ ஒரு பானை, இல்லைன்னா எவர்சில்வர். ஐயா சொன்னதில் என் மனசைத் தைச்சது இதுதான்: "யாரும் எங்களை வேணாம்னு சொல்லலை தம்பி. நேரத்துக்குக் கேக்கலை, அவ்வளவுதான். என் பிள்ளைங்க இந்த வேலைக்கு ஏன் வரலைன்னு எல்லாரும் கேக்கிறாங்க. வருஷத்துல ரெண்டு மாசம் மட்டும் விக்கிற வேலைக்கு எந்தப் பிள்ளை வரும்?"

பிடிமண் கதையை இப்போ நினைச்சுப் பாருங்க. ஊர் முதலில் போய்க் கேட்டது, அப்புறம் குயவர் செஞ்சார். நாம அந்த வழக்கத்தை விட்டுட்டோம். தொழில் அழியுதுன்னு வருத்தப்படுறதை விட, ஆர்டரை முன்கூட்டியே கொடுக்கிறது நம்ம கையில் இருக்கு.

அதனால் கோயில் நிர்வாகத்துக்கும் பக்தர்களுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் எத்தனை பானை வேணும்னு இந்த மாசமே கணக்கெடுப்போம். கொஞ்சம் முன்பணம் கொடுத்து, நம்ம நாட்டுக் குயவரிடமே சொல்லி வைப்போம். வெயில் இருக்கும்போதே அவர் செஞ்சு காய வச்சிடுவார்.

வீட்டில் பொங்கல் வைக்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. பெயிண்ட் அடிச்ச பானையை அடுப்பில் வைக்காதீங்க, அது அலங்காரத்துக்கு மட்டும்தான். புதுப் பானையை முதல் நாள் ராத்திரியே தண்ணியில ஊற வைங்க. மறுநாள் சின்னத் தீயில் ஆரம்பிங்க. வாங்கும்போது விரலால் ஒரு தட்டு தட்டிப் பாருங்க. கணீர்னு கேக்கணும்.

திருநீலகண்ட நாயனார் திருவடிகள் போற்றி. ஓம் நமசிவாய.