காணி விற்காமல் கலாநிதிப் பட்டம்

வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் என்றால் காணி விற்கவேண்டும் என்றே நம் ஊரில் இன்னும் நினைக்கிறோம். லொத்ஃபி ஸாதே 1921இல் பாகுவில் பிறந்தவர். 1942இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பட்டம், 1946இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதுமாணி. அப்போது பெற்றோர் நியூயோர்க்கில் குடியேறியிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று அங்குள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தை நாடினார். கலாநிதி மாணவர் இடத்தோடு கற்பிக்கும் வேலையும் கிடைத்தது; படிப்பித்துக்கொண்டே 1949இல் கலாநிதியானார். 1965இல் அவர் எழுதிய ‘ஃபஸி’ கோட்பாடு இன்று சில ரைஸ் குக்கர்களுக்குள்ளும் இருக்கிறது!

அந்த வழி இன்னும் மூடப்படவில்லை. அமெரிக்க மின் பொறியியல் துறைகளில் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ எடுக்கப்படும் கலாநிதி மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு. பட்டம் முடித்த நம் பிள்ளைகள் பேராசிரியருக்கு எழுதுமுன் அவருடைய ஆய்வுக்கட்டுரை ஒன்றையாவது வாசிக்கட்டும்.