சுண்ணாம்புக் காளவாயும் வெப்பத்தின் கணக்கும்

சுண்ணாம்பு சுடுவது மனிதன் கைவரப்பெற்ற மிகப் பழைய வேதித் தொழில்களில் ஒன்று. ஜோர்டானில் அய்ன் கசல் என்னுமிடத்தில் கிடைத்த சுண்ணச்சாந்துச் சிலைகளுக்கு ஏறக்குறைய 9000 வயது. உலோகம் உருக்கும் தொழில் அதற்குப் பிறகு வந்ததுதான். தமிழ்நாட்டில் உள்நாட்டுக்காரர்கள் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டார்கள், கடலோரத்தார் கிளிஞ்சலைச் சுட்டார்கள். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். காளவாயில் கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கித் தீ மூட்டுவார்கள். அடியில் காற்று நுழைய ஒரு வாய் இருக்கும், மேலே மூடி இருக்காது. வெந்து வரும் கிளிஞ்சலின் உருவம் அவ்வளவாக மாறாது, ஆனால் கையில் எடுத்தால் லேசாக இருக்கும். சுத்தமான கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும்.

சுட்ட சுண்ணாம்பின் காரத்தன்மை தீயிலிருந்து கல்லில் ஏறியது என்றே வெகுகாலம் நம்பினார்கள். எடை குறைவதை வைத்தே அதை மறுத்திருக்கலாம். ஆனால் அதைத் தராசில் நிறுத்து, கணக்குப் போட்டுக் காட்ட ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் வரவேண்டியிருந்தது. கல் எதையும் பெறவில்லை, ஒரு வாயுவை இழக்கிறது என்று 1756-இல் அவர் வெளியிட்டார். அந்த வாயுதான் கார்பன் டை ஆக்சைடு.

அந்த வாயுவை வெளியே விடாவிட்டால் என்ன ஆகும்? எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுண்ணப்பொடியைத் துப்பாக்கிக் குழாயில் அடைத்து, வாயை இறுக மூடிக் காய்ச்சினார். குழாய்கள் பல வெடித்தன. தாங்கி நின்றவற்றில் பொடி சுண்ணாம்பாகவில்லை, பளிங்கு போன்ற கெட்டிக் கல்லாக இறுகியிருந்தது. சூடு மட்டும் போதாது, வாயு வெளியேற வழியும் வேண்டும் என்பதை அந்தக் குழாய் காட்டிவிட்டது. திறந்த வாயுள்ள காளவாய் கட்டியவர்கள் அதைச் செயலில் எப்போதோ அறிந்திருந்தார்கள்.

கோட்பாடு இவ்வளவு விரைவாக வரவில்லை. 1854-இல் டென்மார்க்கின் யூலியஸ் தாம்சனும், பின்னர் பிரான்சின் மார்செலின் பெர்த்தலோவும், தானாக நடக்கும் வினை வெப்பத்தை வெளிவிடும் திசையிலேயே செல்லும் என்றார்கள். சுண்ணாம்புக்கல் பிளப்பதோ வெப்பத்தை விழுங்கும் வினை. ஒரு மோலுக்கு 178 கிலோஜூல் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஆற்றல் குறுக்கிடாதபோதுதான் தம் விதி பொருந்தும் என்று பெர்த்தலோ ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சாமர்த்தியமான வாசகம், ஆனால் எந்தச் சூட்டில் கல் பிளக்கும் என்று அதிலிருந்து கணக்கிட முடியாது.

1867-இல் ஆன்ரி தெப்ரே மூடிய குழாயில் கால்சைட்டைச் சூடேற்றி வாயுவின் அழுத்தத்தை அளந்தார். ஒவ்வொரு வெப்பநிலையிலும் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு ஏறி நின்றுவிடுகிறது. வாயுவை இறைத்தால் கல் மேலும் பிளக்கிறது. குளிரவிட்டால் சுண்ணாம்பு வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்பதற்கு, ருடால்ஃப் கிளாசியஸ் 1865-இல் பெயரிட்ட என்ட்ரோபியில், அதாவது ஆற்றலும் துகள்களும் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் அளவில், விடை இருந்தது. ஹைடெல்பெர்க்கில் ஆகஸ்ட் ஹார்ஸ்ட்மன் 1873-இல் அதை இத்தகைய பிளவு வினைகளில் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவின் ஜோசையா வில்லார்ட் கிப்ஸ் 1876-க்கும் 1878-க்கும் இடையே அதற்கு முழு வடிவம் கொடுத்தார்.

திடக் கல்லிலிருந்து வாயு கிளம்பும்போது என்ட்ரோபி மோலுக்குச் சுமார் 160 ஜூல்/கெல்வின் கூடுகிறது. இதை வெப்பநிலையால் பெருக்கி வரும் தொகை, விழுங்கும் வெப்பத்தை மிஞ்சும்போது வினை தன்னிச்சையாகிறது. 178000-ஐ 160-ஆல் வகுத்தால் 1112 கெல்வின், அதாவது ஏறத்தாழ 840 டிகிரி செல்சியஸ். இரு அளவுகளும் சூட்டோடு சற்று மாறுவதால், வாயுவின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவை எட்டுவது உண்மையில் 890 டிகிரியை ஒட்டித்தான். காற்றோட்டம் வாயுவை அடித்துக்கொண்டு போனால் அதற்குக் கீழேயே கல் வேகத் தொடங்கும். காளவாயின் அடிவாய் தீயை வளர்ப்பதோடு இந்த வேலையையும் செய்தது.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றுவது நேர்மாறான கதை. இங்கே என்ட்ரோபி குறைகிறது, ஆனால் மோலுக்கு 65 கிலோஜூல் வெளிவருவதால் வினை தானாக ஓடுகிறது. தொட்டியில் கட்டிகள் சீறி, வெடித்து, பொடியாக உதிரும், தண்ணீர் கொதிக்கும். சுட்ட சுண்ணாம்பு ஏற்றிய மரக்கலங்களில் தண்ணீர் புகுந்து தீப்பிடித்ததுண்டு.

நீறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பூசினால் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மீண்டும் கல்லாகிறது. இதிலும் வெப்பம் வெளிவருகிறது, ஆனால் யாருக்கும் தெரியாத அளவு மெதுவாக. தன்னிச்சை என்பது வேகத்தைப் பற்றிய உறுதிமொழி அல்ல. கனத்த சுவரின் உட்புறம் கெட்டிப்பட ஆண்டுக்கணக்காகும். கடுக்காய், வெல்லம் சேர்த்து, பலமுறை பூசித் தேய்த்து வழுவழுப்பாக்கிய மெட்ராஸ் சுண்ணச்சாந்தைப் பளிங்கு என்றே மயங்கிய ஐரோப்பியப் பயணிகள் உண்டு.

காற்றுக்குக் காத்திராமல் தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகும் போர்ட்லாண்டு சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1904-இல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு சிமென்ட் செய்யப் பார்த்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில் உற்பத்தி காலூன்றியது. அதன்பின் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சிமென்ட் உலையிலும் முதலில் பிளப்பது அதே கல்தான். வெளியேறும் வாயுவும் அதுவே.