ஷியாம் செல்வதுரை

ஷியாம் செல்வதுரை (பிறப்பு: 1965, கொழும்பு) கனடாவில் வாழும் ஈழத்தமிழ் நாவலாசிரியர், ஆங்கிலத்தில் எழுதுபவர். தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை வெளிப்படையாகச் சொல்லி வாழ்பவர். தந்தை தமிழர், தாய் சிங்களவர். இப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கொழும்பில் இடமில்லாமல் செய்தது 1983 ஜூலையில் தமிழர்கள் மீது நடந்த இனப்படுகொலை. மறு ஆண்டு, 19 வயதில், குடும்பத்தோடு கனடா போய்ச் சேர்ந்தார். டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் படித்தார்.

பத்தாண்டுகள் கழித்து, 1994இல், 'ஃபன்னி பாய்' வெளிவந்தது. ஆறு கதைகளாகப் பின்னப்பட்ட நாவல். அர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன் பாட்டி வீட்டில் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து, சேலை கட்டி மணப்பெண்ணாக விளையாடுகிறான். பெரியவர்கள் பார்த்ததும் அந்த விளையாட்டு பறிபோகிறது. வளர்ந்தபின் பள்ளியில் ஷெஹான் என்ற சிங்களப் பையனிடம் காதல் கொள்கிறான். கடைசிக் கதையில் 1983 கலவரம் வெடிக்கிறது. குடும்பம் நாட்டை விட்டுப் புறப்படுகிறது. தமிழனாகவும் ஆணை விரும்பும் ஆணாகவும் இருமுறை விரட்டப்படும் ஒருவனை இவ்வளவு பரிவோடு காட்டிய ஈழத்து நாவல் அதற்கு முன் இல்லை. அமெரிக்காவின் லாம்ப்டா விருதும் கனடாவின் முதல் நாவல் விருதும் அதற்குக் கிடைத்தன.

பிறகு வந்தவற்றில் 'சினமன் கார்டன்ஸ்' (1998) 1920களின் கொழும்பு மேட்டுக்குடித் தமிழரைப் பற்றியது. அதில் வரும் பாலேந்திரன் மணமானவர். இளமையில் காதலித்த ஆங்கிலேயர் திரும்பி வரும்போது குலைந்துபோகிறார். புலம்பெயர் வாழ்வை நேருக்கு நேர் பேசுவது 'தி ஹங்ரி கோஸ்ட்ஸ்' (2013). தன்பாலின உறவைச் சட்டம் துரத்தாத கனடாவிலும் தோலின் நிறம் நாயகன் ஷிவனை ஓரங்கட்டுகிறது. கொழும்புப் பாட்டியின் பிடியும் விடுவதில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டு கனடா வாழ்க்கைக்குப் பிறகும் இவருடைய புனைவு அப்போது இலங்கையை விட்டு நகரவில்லை என்பதை இந்நூல் நன்றாகக் காட்டுகிறது.

இயக்குநர் தீபா மேத்தா 2020இல் 'ஃபன்னி பாய்' நாவலைப் படமாக்கினார். திரைக்கதையில் செல்வதுரைக்கும் பங்குண்டு. படத்தில் தமிழ் நடிகர்கள் குறைவு, தமிழ் உச்சரிப்பும் சிதைந்திருந்தது என்று தமிழர்கள் எழுப்பிய கண்டனம் நியாயமானது. ஆங்கில வசனம் மிகுதி என்று ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவும் படத்தை ஏற்கவில்லை.

செல்வதுரை இப்போது அறுபதைக் கடந்துவிட்டார். அண்மை நாவல் 'மேன்ஷன்ஸ் ஆஃப் த மூன்' (2022), புத்தரின் மனைவி யசோதரையின் கதை.

செல்வதுரையின் நாவல்களில் வரும் தன்பாலின உறவை, ஆங்கிலேயர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தை வைத்தே இலங்கை இன்றும் குற்றமாக்கி வைத்திருக்கிறது. இந்தியாவில் அத்தகைய தடையை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கியது. செல்வதுரை பிறந்த நாடும் அதை நீக்க வேண்டும்.